கார் பெயிண்டிங் கிட் வாங்கும் முன் ஹார்டனர் டின்னைப் பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஒருவர், இரண்டே நாளில் கார் பெயிண்டிங் கற்றுத்தருகிறேன், வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, கிட்டோடு சேர்த்து என்னிடம் 9,500 ரூபாய் வாங்கினார். வகுப்பு அரை நாள்தான் நடந்தது. ஒரு பழைய பானட்டில் அவர் அடித்துக் காட்டினார், பத்து நிமிடம் ஸ்ப்ரே கன்னை என் கையில் கொடுத்தார், மறுநாள் போனால் கடை பூட்டிக் கிடந்தது.

கிட்டில், கலருக்கு மேல் பளபளப்புக்காக அடிக்கும் கிளியர் கோட் மட்டும் சீல் டின். கிளியரில் கலந்து அதை இறுக வைக்கும் ஹார்டனர் தண்ணீர் பாட்டிலில் இருந்தது. பெயிண்டை நீர்க்க வைக்கும் தின்னருக்கு லேபிளே இல்லை. கேட்டதற்கு, பெரிய டின்னிலிருந்து பிரித்துத் தருகிறோம், எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள் என்றார். நம்பினேன்.

நவம்பர் மாதம், எங்கள் ஊரில் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நேரம். ஆம்னியின் பக்கக் கதவுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, 400, 800 எமரி போட்டுத் தேய்த்தது வரை நன்றாகவே வந்தது. கலர் அடித்துக் கொஞ்ச நேரத்தில் கதவு முழுக்கச் சாம்பல் தூவியது போல வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு இன்னும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்ட் மேலேயே படிகிறது, மலையில் இந்த மாதத்தில் இந்தத் தின்னரா என்று குன்னூர் டிங்கர் ஒருவர் பிறகு திட்டினார். கிளியரும் அப்படியே, மூன்று நாள் கழித்தும் நகம் பதிந்தது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஹார்டனர் திரிந்த பால் மாதிரி கலங்கியிருந்தது. திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகிற பொருள் அது.

இதெல்லாம்கூடப் போகட்டும். துணி மாஸ்க் போதும் என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, அந்தப் புகை ஆஸ்துமாவையே வரவைக்கும், துணி அதைத் தடுக்காது. விளக்குப் பிடித்த என் தம்பிக்கு அன்று ராத்திரி மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அடுத்த தடவை கொஞ்சம் பட்டாலே இழுக்கும் என்று டாக்டர் சொன்னார். வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் ஹார்டனர் கலந்த எதையும் வீட்டில் அடிக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், உங்களுக்கு அடிக்கத் தெரியவில்லை என்கிறார். பில்லும் தரவில்லை. ஜிபே ரசீதையும் பாட்டில் படத்தையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். கதவை மறுபடி தேய்த்து வைத்தாயிற்று, பிப்ரவரி வெயில் வந்ததும் குன்னூர் பட்டறையிலேயே அடிக்கக் கொடுக்கப்போகிறேன்.