சென்னை – பலாலி விமானம்: ஏழாம் மாதத்தில் புகுந்த வீட்டுக்குப் போய் வந்த அனுபவம்

என் கணவரின் ஊர் யாழ்ப்பாணத்தில் உள்ள சுன்னாகம். மாமிக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டதால், அவர் சென்னைக்கு வந்து என்னைப் பார்ப்பது இயலாத காரியம் என்று தெரிந்ததும், குழந்தை பிறப்பதற்கு முன் நாங்களே ஒருமுறை போய்வர முடிவெடுத்தோம். அப்போது எனக்கு 27 வாரம். இதே நிலையில் இருக்கும் பெண்களுக்கு உதவட்டும் என்றுதான் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போகும் இந்த நேரடி விமானச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கொழும்பில் இறங்கினால் அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். சாலையில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் இருக்கிறது. ஆனால் அலை சற்று எழுந்தாலும் குமட்டல் வரும் என்பதால் என் மருத்துவர் அதை வேண்டாம் என்றார். 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். வயிற்றில் பிள்ளையோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பதே என் முடிவு.

இந்தத் தடத்தில் நாங்கள் போனது இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழலிகள் (புரொப்பல்லர்) கொண்ட ஏடிஆர் ரகச் சிறு விமானம். அதில் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கிறது. கதவே கீழே மடிந்து படியாகிவிடும். ஐந்தாறு படிகள்தான் என்றாலும் அவை குறுகலானவை, வயிறு பெரிதானபின் காலடியும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, இன்னொரு கையைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினேன். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. இருக்கையைப் பின்வரிசையில், நடைபாதை ஓரமாகக் கேட்டு வாங்குங்கள். சுழலியின் இரைச்சலும் அதிர்வும் அங்கே குறைவு, கழிவறையும் பக்கத்தில். இருக்கைப் பட்டியை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போட வேண்டும். விமானம் ஓடத் தொடங்கியதும் கைப்பிடியில் ஏறிய அதிர்வுக்குப் பதில் சொல்வதுபோல் பிள்ளை உள்ளே இரண்டு முறை உதைத்தது. கணவரின் கையை எடுத்து அங்கே வைத்தேன்.

குறை என்று சொல்ல வேண்டியது பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்த முகவரைப் பற்றித்தான். 28 வாரத்துக்கு முன் போவதால் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். போகும் நாளுக்கு அது சரி. ஆனால் நாங்கள் திரும்பும் நாளில் எனக்கு 30 வாரம் ஆகியிருக்கும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பின் சான்றிதழ் கேட்கின்றன. ஒற்றைக் கருவானால் 36 வாரம் வரையும், இரட்டையானால் 32 வாரம் வரையும் ஏற்றிக்கொள்வது பொதுவான வழக்கம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால் அவர்களிடமே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. முகவர் தேவையில்லை என்றாலும் சென்னையில் வாங்கிவைத்திருந்த மருத்துவர் கடிதம் அதற்குள் மூன்று வாரம் பழையதாகிவிட்டதால், மாமியே தனக்குத் தெரிந்த பெண் மருத்துவரிடம் என்னை அழைத்துப் போனார். அவர் பரிசோதித்துவிட்டு, எத்தனை வாரம், பிரசவ நாள், ஒற்றைக் கரு, பறக்கத் தகுதி உண்டு என்ற நான்கையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். திரும்பும்போது அந்தக் கடிதத்தைக் கேட்டார்கள். காட்டியதும் வேறு கேள்வி இல்லை.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் கர்ப்பம் சார்ந்த செலவு அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பலவற்றில் அடங்காது. ஸ்கேன் அறிக்கைகளின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். வடக்கின் பெரிய அரசு மருத்துவமனையான யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நகரின் நடுவிலேயே இருப்பது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சிறு விமானம் அதிகம் குலுங்கும் என்பதால் நாங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தோம். போகும்போதும் வரும்போதும் வானம் அமைதியாகவே இருந்தது.

பலாலியில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டோம். வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்த மாமி, வலியோடு எழுந்து வந்து என் இரு கன்னங்களையும் தொட்டு, "களைச்சுப் போனீரோ பிள்ளை?" என்று கேட்டார். களைப்பே இல்லை என்று உண்மையாகவே என்னால் சொல்ல முடிந்தது.