பைக் ட்ரெய்லருக்கு வயரிங் கன்வெர்ட்டர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டு வாங்குங்க. எனக்கு 18,500 போச்சு

கோபம் அடங்குறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிப்போனா "சரி, விடு"ன்னு தோணிடும். இவங்க பொழைப்பே அதை நம்பித்தான் ஓடுது. 18,500. பைக் பின்னாடி மாட்டுற சின்ன ட்ரெய்லர்ல லைட் எரியணும்னு கொடுத்த காசு. இப்ப என் மேஜை மேல கிடக்குறது நாலு டையோடும் (கரண்ட்டை ஒரே பக்கமா மட்டும் விடற சின்ன பாகம்) ஒரு கட்டி பசையும்.

கடை பேரைப் போடப் போறதில்லை. டோயிங் சாமான் மட்டும் விக்கிற ஆன்லைன் கடை. ஒரு பெரிய விற்பனைத் தளத்துக்குள்ள கடை விரிச்சிருக்கிற ஆள். அவ்வளவு போதும்.

விஷயம் தெரியாதவங்களுக்காக முதல்ல இதைச் சொல்லிடறேன். என் வண்டி பெரிய டூரிங் பைக். பிரேக் லைட் தனி, இண்டிகேட்டர் தனி. பின்னாடி இருக்கிறது ஐரோப்பிய முறை 7 பின் கனெக்டர். ட்ரெய்லரோ அமெரிக்க முறை, தட்டையான 4 வயர் பிளக். அதுல பிரேக்குக்குன்னு தனி வயரே கிடையாது. மஞ்சள்ல இடது இண்டிகேட்டரும் பிரேக்கும் சேர்ந்து வரும், பச்சையில வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். ரெண்டுக்கும் பல்புல ஒரே இழைதான். பழுப்பு டெயில் லைட், வெள்ளை எர்த்.

இதுல வில்லங்கம் என்னன்னா, 7 பின்லயும் மஞ்சள்தான் இடது, பச்சைதான் வலது, வெள்ளைதான் எர்த். பழுப்பு அங்கேயும் டெயில்தான் (வலது பக்கத்துக்கு மட்டும், இடதுக்குக் கருப்பு). கலருக்குக் கலர் முறுக்கிட்டா டெயில் எரியும், இண்டிகேட்டர் மின்னும், எல்லாம் சரியா இருக்குன்னு கிளம்பிடலாம். பிரேக் பிடிச்சா மட்டும் ட்ரெய்லர்ல ஒண்ணும் எரியாது. பிரேக் வர்ற சிவப்பு வயருக்கு அந்தப் பக்கம் ஜோடியே இல்லையே.

அதனால நடுவுல கன்வெர்ட்டர் வேணும். அதுவும் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சும்மா சேர்த்துக் கட்டினா ஆகாது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இடது பக்கம் திரும்பினா இடது மின்னணும், வலது நின்னு எரியணும். அப்புறம் கரண்ட். ட்ரெய்லர்ல 21 வாட் பல்பு ரெண்டு. 12 வோல்ட்ல கணக்குப் போட்டா மூணரை ஆம்பியர், பிரேக் லைன்ல மட்டும். பழைய வண்டின்னா ஃபியூஸ் கொஞ்சம் தாங்கும். கேன் பஸ் வண்டியில (லைட்டை எல்லாம் கம்ப்யூட்டர் கவனிச்சுக்கிற வண்டி) கன்ட்ரோல் யூனிட் கூடுதல் லோடைப் பார்த்தா அந்த லைனையே அணைச்சிடலாம். அதனால ட்ரெய்லருக்கு வேண்டிய பவரை பேட்டரியில இருந்து நேரா எடுக்கிற மாடல்தான் வாங்கணும். வண்டி வயர் சிக்னல் மட்டும் கொடுக்கும், எரியற கரண்ட் பேட்டரியோடது.

இதெல்லாம் தெரிஞ்சுதான் தேடினேன். எரிச்சலே அதுதான். தெரியாதவனை ஏமாத்தறது ஒரு ரகம். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டவனையே ஏமாத்தறது இருக்கே!

மத்த கடைக்காரங்க எல்லாம் வண்டி மாடலைக் கேட்டாங்க, விலையைச் சொன்னாங்க, முடிஞ்சது. இந்த ஆள் போன் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "சார், உங்க வண்டியில பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பா, தனித்தனியா?" தொழில் தெரிஞ்சவன் மட்டும் கேட்கிற கேள்வி அது. அடுத்தது, "ட்ரெய்லர்ல சாதா பல்பா, எல்இடியா? வண்டி கேன் பஸ்ஸா?" கனெக்டர் மூடியைத் திறந்து உள்ளே பின் நம்பர் தெரியற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல அதே படத்துல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். 1 இடது, 3 எர்த், 4 வலது, 6 பிரேக். ஒண்ணு கூட தப்பில்லை, நானே சரிபார்த்தேன்.

"பேட்டரியில இருந்து பவர் எடுக்கிற மாடல்தானே?"

"ஆமா சார். உள்ள ரிலே இருக்கு. ஃபியூஸோட தனி வயர் வரும், அதை பேட்டரி பிளஸ்ல கொடுத்துடுங்க. உங்க வண்டி வயர்ல லோடே வராது, நான் கேரண்டி."

சாதாரண கன்வெர்ட்டர் இதுல கால்வாசி விலைக்கே கிடைக்கும். சிக்னலைப் பார்த்து பேட்டரி கரண்ட்டைத் திறந்து மூடுற சுவிட்ச்தான் ரிலே. அந்த ரிலேக்கும் அந்த பேட்டரி வயருக்கும்தான் 18,500.

பெட்டி வந்தது. உள்ளங்கை அளவு, கருப்பு பிளாஸ்டிக். சொன்ன மாதிரியே ஃபியூஸ் ஹோல்டரோட தடிமனா ஒரு சிவப்பு வயர் வெளியே நீட்டிக்கிட்டு இருந்தது. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் வெச்சு ஸ்லீவ் போட்டு மாட்டினார். டெயில், இடது, வலது, பிரேக், தனித்தனியாப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் எரிஞ்சது.

முதல் ஓட்டத்துலயே பின்னாடி கார்ல வந்த நண்பர் போன் பண்ணிக் கத்தினார்: "டேய், இண்டிகேட்டர் போடாம ஏன்டா திரும்புற?" நான் போட்டிருந்தேன். பிரேக் மிதிக்காத வரைக்கும் மின்னுது. பிரேக்கை மிதிச்சதும் ட்ரெய்லர்ல ரெண்டு பக்கமும் நின்னு எரியுது. திரும்பறேனா, நிக்கறேனான்னு பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும்? இறக்கத்துல பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாப் பிடிச்சிருந்த நேரத்துல டாஷ்போர்டுல லேம்ப் எச்சரிக்கை வந்தது. அதோட வண்டியோட சொந்த பிரேக் லைட்டும் அவுட். அதாவது, ட்ரெய்லரே இல்லாம போயிருந்தா எரிஞ்சிருக்க வேண்டிய லைட் இந்தப் பெட்டியால அணைஞ்சது. இருட்டின பிறகு இது நடந்திருந்தா?

ஓரமா நிறுத்தி பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

அப்புறம் ஆரம்பிச்சது கூத்து. "எர்த் சரியா இருக்காது ப்ரோ, பாருங்க." மீட்டர் வெச்சுப் பார்த்து படத்தோட அனுப்பினேன், எர்த் சுத்தம். "பல்பு வாட் அதிகமா இருக்கும்." பல்பு மேலேயே 21 வாட்னு அச்சாயிருக்கு, அதையும் படம் எடுத்து அனுப்பினேன். "உங்க எலக்ட்ரீஷியன் தப்பாக் கொடுத்திருப்பார்." நீ வட்டம் போட்டு அனுப்பின படத்தைப் பார்த்துத்தான்யா கொடுத்தார்! கடைசியா வந்தது பாருங்க: "வயரை வெட்டிட்டீங்க ப்ரோ, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது." வயரை வெட்டாம மாட்டவே முடியாத சாமானுக்கு இப்படி ஒரு விதி. அதுக்கப்புறம் போன் எடுக்கலை. தளத்துக்காரங்க கிட்ட போனா "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்". அவன் எடுக்கலைன்னுதானே உங்ககிட்ட வர்றேன்னு எழுதினா, கும்பிடு போடுற பொம்மையோட அதே பதில். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெயில். 18,500 எந்தக் கணக்குல தீர்ந்ததோ!

ரிட்டர்ன் இல்லைன்னு ஆன பிறகு எதுக்குப் பார்க்கணும், பெட்டியை ஸ்க்ரூடிரைவரால நெம்பித் திறந்தேன். ரிலே இல்லை. சர்க்யூட் போர்டு கூட இல்லை. நாலு டையோடு. பிரேக் வர்ற சிவப்புல இருந்து மஞ்சளுக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. வண்டியோட இடது வயருக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. டெயில் வயர் சும்மா நேரா போகுது. அந்தத் தடிமனான பேட்டரி வயர்? பெட்டிக்குள்ள ரெண்டு விரல்கடை வந்து பசைக்குள்ள புதைஞ்சு நிக்குது. முனையில ரப்பர் உறையைக் கூட சீவலை. எதோடயும் சேராத வயருக்கு ஒரு ஃபியூஸ், ஃபியூஸுக்கு ஒரு ஹோல்டர், ஹோல்டருக்கு ஒரு மூடி. என்னா வேலைப்பாடு!

ஆக, மூணரை ஆம்பியரும் என் வண்டியோட பிரேக் லைன்லதான் ஓடியிருக்கு. வண்டி தன்னைக் காப்பாத்திக்க லைனை அணைச்சிருக்கு. அதுக்காவது புத்தி இருந்தது.

வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதலாம்னுதான் உக்காந்தேன். இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. சுருக்கமா: பிளக் பொருந்துது, கலர் பொருந்துதுன்னு எதையும் மாட்டாதீங்க, ஒவ்வொரு பின்னையும் மீட்டர் வெச்சுப் பாருங்க. தனித்தனியா எரியுதான்னு பார்த்தா போதாது, பிரேக்கும் இண்டிகேட்டரும் சேர்த்துப் போட்டுப் பாருங்க. வெட்டின வயருக்கு ரிட்டர்ன் உண்டான்னு காசு கட்டறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்குங்க, போன்ல சொன்ன கேரண்டியை நம்பி இருக்காதீங்க.

பேட்டரி மாடல்னு சொல்லி வித்த கன்வெர்ட்டர் ஏற்கெனவே யார் வண்டியிலாவது இருந்தா, அந்த பேட்டரி வயர்ல இருக்கிற ஃபியூஸை உருவிட்டு பிரேக்கை மிதிச்சுப் பாருங்க. ட்ரெய்லர் லைட் எரியக் கூடாது. அப்பவும் எரிஞ்சதுன்னா உங்ககிட்ட இருக்கிறதும் என் மேஜை மேல கிடக்கிற சாமான்தான். உடனே கழட்டுங்க, கழட்டின பெட்டியைப் படம் எடுத்து இங்க போடுங்க. நாலு பேர் சேர்ந்து புகார் கொடுத்தா அந்தத் தளத்துக்காரங்க பொம்மையை விட்டுட்டு ஆளை அனுப்பறாங்களான்னு பார்ப்போம்.