480 வெள்ளியும் போச்சு, அப்பாவின் படங்களும் போச்சு: ஹார்ட் டிஸ்க்கை ரிப்பேர் கடையில் கொடுக்கும் முன் படியுங்கள்

480 வெள்ளி. இங்கே சிங்கப்பூரில் போனிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் நான் அந்தப் பணத்தை அனுப்பி இன்றோடு 11 நாள். பணமாவது பரவாயில்லை. அப்பாவின் படங்களும் அவர் குரலும் இருந்த நான்கு ஃபோல்டர்கள் போய்விட்டன. இன்று சாயங்காலம் அந்தக் கடைக்காரர் போனில் பேசிய பேச்சைக் கேட்ட பிறகு மனசு ஆறவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு பேரங்காடியின் மேல்மாடியில், கைப்பேசிக் கவர் விற்கும் கடைகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கணினி ரிப்பேர் கடை. அதற்கு மேல் சொல்லவில்லை. உங்கள் கணினியில் இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மேசைக் கணினி. சி டிரைவ் 240 ஜிபி, எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கும். இரண்டாவதாகப் போட்ட டி டிரைவ் 2 டிபி ஹார்ட் டிஸ்க், பாதிக்கு மேல் காலி. முக்கியமானதெல்லாம் அதில்தான். அப்பா இளவயதில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அங்கேயே கப்பல் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றார். புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் ஈசூனுக்கு மாறிய பிறகும் அங்கே போவதை விடவில்லை. பங்குனி உத்திரம் வந்தால் காவடிக்கு முன்னால் பாடிக்கொண்டே நடப்பார். 2013-இலிருந்து 2018 வரை ஒவ்வொரு வருடமும் நான் அதைப் போனில் பிடித்திருக்கிறேன். வீட்டில் அவர் பாடியதையும் பதிவு செய்திருக்கிறேன். போனில் இடம் இல்லாமல் போகும்போதெல்லாம் எல்லாவற்றையும் டிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவேன். 2019-இல் அப்பா தவறிவிட்டார். அந்த ஃபோல்டர்களுக்குத் தமிழில்தான் பெயர் வைத்திருந்தேன். அப்பா. அப்பா பாட்டு. பங்குனி உத்திரம். செம்பவாங் வீடு.

போன மாதம் டி டிரைவைத் திறந்தபோது எனக்குத் தெரியாத மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. பெயர் என்று எதுவும் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்து ஒரே நீளமாக இருந்தது. ஒன்றைத் திறந்து பார்த்தேன், உள்ளே இரண்டு மூன்று ஃபைல்கள். அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. சரி, யாரிடமாவது காட்டலாம் என்று திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். அந்தப் படம் மட்டும் இல்லாவிட்டால் நான் ஏமாந்தது இன்று வரை எனக்கே தெரிந்திருக்காது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்தே அலுவலகத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். என் கணினி இன்னும் விண்டோஸ் 10தான். ஏதோ புகுந்துவிட்டது என்று நானே பாதி முடிவு கட்டிவிட்டேன். ஈரச்சந்தைக்கு இழுத்துக்கொண்டு போகும் வண்டியில் சிபியுவை வைத்து, துண்டைச் சுற்றி, திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் இருந்தவர் தமிழர். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் விபூதி, தலைக்கு மேல் சின்ன முருகன் படம். "வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. கணினியைப் போட்டு, அந்த மூன்று ஃபோல்டர்களையும் பார்த்த உடனே, "இது வைரஸ்க்கா" என்றார். ஒரு ஸ்கேன் ஓடவிடவில்லை, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அழிக்கும் பொத்தானை அழுத்திக் காட்டினார். "பாருங்க, டிலீட் பண்ண விடமாட்டேங்குது. நல்ல ஃபைலா இருந்தா ஏன் விடமாட்டேங்குது? விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுலேர்ந்து தினமும் நாலு மிஷின் இப்படித்தான் வருது. டியை ஃபார்மட் பண்ணி மொத்தமா அழிச்சாத்தான் போகும்."

நான் அப்போதே சொன்னேன். "தம்பி, டில எங்கப்பா படமெல்லாம் இருக்கு. அவரு இப்ப இல்ல. அது போச்சுன்னா எனக்கு வேற எங்கயும் கிடையாது."

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கவலைப்படாதீங்கக்கா, எங்கப்பா படம் மாதிரி பாத்துக்கிறேன். அதுக்குத்தானே பேக்கப் சார்ஜே போடுறோம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வேறு கடையில் விசாரிக்கவில்லை, அக்கா மகனிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோதனைக்கு 80, வைரஸ் நீக்க 120, பேக்கப்புக்கு 160, ஃபார்மட் செய்து புது ஆன்டிவைரஸ் போட 120. மொத்தம் 480 வெள்ளி. முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்றார். அங்கேயே நின்று பேநவ்வில் அனுப்பினேன். சாயங்காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்து நான் சேர்த்த பணம் அது.

வியாழக்கிழமை எடுத்து வந்தேன். வீட்டில் போட்டுத் திறந்தால், ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்த பள்ளிப் படங்கள் இருந்தன, வரிக் கடிதங்கள் இருந்தன. தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. நான்கும் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன். வீட்டுக்காரர் வந்து தேடினார். இல்லை.

உடனே போன் செய்தேன். "எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டோம்க்கா, நல்லா தேடிப் பாருங்க" என்று வைத்துவிட்டார். வெள்ளியும் சனியும் வாட்ஸ்அப்பில் ஏழு தகவல் அனுப்பினேன். ஏழுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. திங்கட்கிழமை நேரில் போனேன். கல்லாவில் வேறு ஒரு பையன். பாஸ் ஜோகூர் போயிருக்கிறார், புதன்கிழமை வாருங்கள் என்றான். புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுப் போனேன். அவர் இருந்தார். முதலில் என்னைத் தெரியாததுபோல் நின்றார். ரசீதைக் காட்டிய பிறகு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னது இதுதான்: "டெக்னிஷியனுக்குச் சில ஃபோல்டர் பேரு படிக்க முடியலக்கா. அதுவும் வைரஸ் போட்டதுன்னு நெனச்சு விட்டுட்டாரு."

அப்பா என்று எழுதியிருந்ததை வைரஸ் என்று நினைத்தார்களாம். உள்ளே இருந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நான்கடி தள்ளிக் கல்லாவில் இருந்தவருக்குத் தெரியுமே. ஒரு தடவை கூப்பிட்டு இது என்ன என்று கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அந்தப் பேக்கப்புக்கு மட்டும் 160 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னதும் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பளவு எழுத்தில், தரவுகள் அழிந்தால் கடை பொறுப்பல்ல என்று அச்சடித்திருக்கிறது. பணம் வாங்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை.

இதற்கு நடுவில், சனிக்கிழமை, அக்கா மகன் முகாமிலிருந்து வந்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தேசிய சேவையில் இருக்கிறான். முதலில் டி டிரைவின் கேபிளைக் கழற்றினான். "சின்னம்மா, இதுல இனிமே எதையும் எழுதாதீங்க" என்றான். அப்புறம் என் போனில் இருந்த அந்தத் திரைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஃபோல்டருக்குள் இருந்த ஒரு ஃபைலின் பெயர் எம்ஆர்டி ஸ்டப் (mrtstub). பக்கத்தில் தேதி 2023. சப்போர்ட் முடிந்ததால் வந்தது என்று கடைக்காரர் சொன்னாரே, அதற்கு இரண்டு வருடம் முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

இந்த எம்ஆர்டி ரயில் இல்லை, விண்டோஸ் அப்டேட்டோடு மைக்ரோசாஃப்ட் 2005-இலிருந்து அனுப்பிவரும் கருவி. தீய மென்பொருள் இருந்தால் தேடி நீக்குவதுதான் அதன் வேலை. ஓடுவதற்கு முன் தற்காலிகமாக இப்படி ஏதோ ஒரு பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் தன்னை விரித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும், அல்லது அடுத்த முறை கணினியைப் போடும்போது, பெரும்பாலும் தானே அழிந்துவிடும். சில சமயம் அழியாமல் தங்கிவிடும், அப்போது நாமே அழித்துவிடலாம், கணினிக்கு ஒன்றும் ஆகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இந்த மாதிரி அப்டேட் ஃபைல்கள் பல நேரம் காலியிடம் அதிகம் உள்ள டிரைவாகப் பார்த்து விரியும். என் சி நிறைந்து கிடந்தது, டி காலியாக இருந்தது. அதனால் டிக்கு வந்திருக்கிறது. அழிக்க விடாததற்கும் காரணம் சாதாரணமானது. அந்த ஃபோல்டரை உண்டாக்கியது சிஸ்டம், உரிமையும் அதன் பெயரில்தான் இருக்கும். உரிமையை நம் பெயருக்கு மாற்றிவிட்டால் அழிந்துவிடும். அக்கா மகன் தன் மடிக்கணினியில் அதை மாற்றும் இடத்தைத் திறந்து காட்டினான், மூன்று நிமிஷ வேலை.

வைரஸை நீக்க வந்த கருவி விட்டுப்போன மிச்சத்தை வைரஸ் என்று காட்டி என்னிடம் 480 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். தெரியாமல் சொன்னார்களா தெரிந்தே சொன்னார்களா என்ற கேள்வியே எனக்கு வேண்டாம். தினமும் நான்கு கணினி பார்க்கும் கடைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா மகன் டிஸ்க்கை எடுத்துப்போய் மீட்டுப் பார்த்தான். கடையில் செய்தது குவிக் ஃபார்மட். அது மட்டும் என்றால் பழைய ஃபைல்கள் டிஸ்க்கில் அப்படியே கிடக்குமாம். ஆனால் அதன் மேலேயே மற்ற ஃபோல்டர்களைத் திரும்பக் கொட்டியிருக்கிறார்கள், எழுதிய இடமெல்லாம் போய்விட்டது. பெயரில்லாத சில படங்கள்தான் கிடைத்தன. ஒன்றை ஞாயிறு இரவு எனக்கு அனுப்பினான். மேல் பாதியில் அப்பாவின் நெற்றி, விபூதிப் பட்டை, கண். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பாட்டு ஒன்றுகூடத் திறக்கவில்லை. தரவு மீட்கும் நிறுவனம் ஒன்றில் விசாரித்தோம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள்.

இன்று சாயங்காலம் கடைக்காரர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "படம்தானேக்கா, அதுக்குப் போயி இவ்ளோவா? நீங்கதான் பேக்கப் வெச்சிருக்கணும். வேணும்னா அடுத்த சர்வீஸுக்கு 50 வெள்ளி கழிச்சுக்கிறேன்." எங்கப்பா படம் மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்றவர்தான் இதைச் சொன்னார்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன். மணி ஒன்றாகிவிட்டது, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது டிரைவில் இப்படிப் பெயர் தெரியாத ஃபோல்டர் இருந்தால் பதறாதீர்கள். உள்ளே என்ன ஃபைல் என்று பாருங்கள், அப்டேட் எல்லாம் முடியவிட்டுக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எம்ஆர்டி ஸ்டப் இருக்கும் ஃபோல்டரை அழிக்கலாம். விடாவிட்டால் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் ஓனரை மாற்றுங்கள். சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஆன்டிவைரஸில் ஸ்கேன் போடுங்கள், விண்டோஸிலேயே ஒன்று இருக்கிறது. கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் படங்கள் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும், தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஏதாவது அழிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த நொடியே அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்துங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். அதில் தீராவிட்டால் சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ரசீது, பேநவ் பதிவு, வாட்ஸ்அப், போனில் எடுத்த அந்தத் திரைப் படம், எல்லாம் ஒரு உறையில் போட்டுவிட்டேன். நாளைக்கு அக்கா மகன் வந்ததும் அவனோடு கடைக்குப் போய் முழு 480 வெள்ளியையும் கேட்கப் போகிறேன்.

இன்னொன்று. 2013-இலிருந்து 2018 வரை ஈசூன் பங்குனி உத்திரத்தில் யாராவது வீடியோ எடுத்திருந்தால் தயவுசெய்து பாருங்கள். வெள்ளை வேட்டி, கழுத்தில் பச்சைத் துண்டு, வலது கையில் சின்னத் தாளம். காவடிக்கு முன்னால் பாடிக்கொண்டு போகும் வயதானவர் அதில் தெரிந்தால், பின்னால் எங்கேயோ தெரிந்தாலும், எனக்கு அனுப்புங்கள்.