ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்: ராத்திரி இரண்டு மணிக்கும் பில் போட வேண்டுமே!

பேக்கப்பை ராத்திரியில் ஓட்டு, யாருக்கும் தொந்தரவு இருக்காது என்பார்கள். திருநெல்வேலியில் நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் தனியார் ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சு எடுபடாது. விபத்துக் கேஸ் இரண்டு மணிக்குத்தான் வரும். மருந்தகமும் லேபும் விடிய விடிய பில் போடும்.

ஒரே சர்வர்தான். உள்ளே ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ, அதாவது ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருள்; அதில் மூன்று விஎம் (மெய்நிகர் கணினி). பெரியது ஆஸ்பத்திரி மென்பொருள் ஓடும் விண்டோஸ், 400 ஜிபி. டிஸ்க்குகள் வேகமான என்விஎம்இ வகை. பேக்கப் வாங்கிக்கொள்ள, பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை நிறுவினேன். மென்பொருள் இலவசம். சந்தா கட்டவில்லை என்று உள்ளே நுழையும்போதெல்லாம் ஒரு அறிவிப்பு வரும், அவ்வளவுதான்.

முதல் வாரமே மருந்தகத்திலிருந்து போன். “அண்ணே, பில்லு சுத்திக்கிட்டே இருக்குண்ணே, வாசல்ல ஆளு நிக்காங்க.” எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பேக்கப் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்ற பேண்ட்வித் வரம்பை நொடிக்கு 30 எம்பி என்று இறுக்கினேன். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய முழு வாசிப்பு ஏறக்குறைய நாலு மணி நேரம் இழுத்தது. முன்பு ஒரு மணி நேரம் சுற்றிய பில் இப்போது நாலு மணி நேரம் சுற்றியது.

ஏன் என்று புரிய ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. கணக்குப்பிள்ளை ஒருவர் பேரேட்டை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அவர் இன்னும் தொடாத 214-ஆம் பக்கத்தைக் காசாளர் திருத்தப் போனால், “இருங்க, பழசை முதல்ல நகல் எடுத்துக்கறேன்” என்பார். அந்த நகல் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரும்வரை காசாளர் பேனாவைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல், தொடங்கிய நொடியில் இருந்தபடியே நகல் எடுக்கும் ஸ்னாப்ஷாட் முறையில் பேக்கப் எடுக்கும்போது நடப்பது இதுதான். பக்கத்து ஊர் என்பது என் பழைய ஹார்ட் டிஸ்க். அது திணறினால் பில் போடுகிறவரும் திணறுவார். வேகத்தைக் குறைத்து நான் செய்ததெல்லாம், காசாளர் காத்திருக்கும் நேரத்தை நீட்டியதுதான்.

இதற்கு மருந்து ஃப்ளீசிங். பேரைக் கேட்டால் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலை மாதிரி இருக்கும். 2024 ஏப்ரலில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8.2 பதிப்பில் சேர்த்தார்கள். பழைய பக்கத்தின் நகல் முதலில் சர்வரிலேயே உள்ள வேகமான டிஸ்க்கில் தற்காலிகமாக விழுகிறது; அங்கிருந்து சாவகாசமாகப் பேக்கப் சர்வருக்குப் போகிறது. காசாளர் உடனே எழுதிவிடலாம். பேக்கப் வேலையின் ‘அட்வான்ஸ்டு’ தாவலுக்குள் இருக்கிறது, தானாக இயங்காது, நாம்தான் தேடிப் போய் டிக் அடிக்க வேண்டும். இவ்வளவு முக்கியமானதை ஏன் அங்கே ஒளித்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் யோசித்தால் காரணம் இருக்கிறது: விஎம் நிறைய எழுதினால் அந்தத் தற்காலிகக் கோப்பு அசல் டிஸ்க் அளவுக்கே வளரலாம். காலி இடம் இல்லாதவர் தெரியாமல் டிக் அடித்தால் வேறு வம்பு.

என் முட்டாள்தனம் இன்னொன்று. பழைய பேக்கப்புகளைச் சரிபார்க்கும் வேலையையும் அதே இரண்டு மணிக்கே வைத்திருந்தேன். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பக்கம் வாசிப்பு, ஒரு பக்கம் எழுத்து. அதை ஞாயிறு மதியத்துக்கு மாற்றினேன். பேண்ட்வித் வரம்பை எடுத்துவிட்டேன். ஒரே நேரத்தில் டிஸ்க்கைப் படிக்கும் ஐஓ ஒர்க்கர்ஸ் எண்ணிக்கையை 16-லிருந்து 4 ஆக்கினேன். டிஸ்க்கைத் தொடுவதில் பேக்கப்புக்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்லும் ஐஓநைஸ் என்ற திருகையும் திருகிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஸ்னாப்ஷாட் முறையில் ஐஓநைஸ், தரவைச் சுருக்கும் வேலையை மட்டும்தான் தொடும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது தினசரி பேக்கப் சில நிமிடங்களில் முடிகிறது. மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைத்து அனுப்புவதால் வந்த வேகம் இது. ஆனால் விஎம்மை நிறுத்தி மறுபடி ஓட்டினால் அந்தக் குறிப்பு போய்விடும், அன்றைக்கு மட்டும் முழு டிஸ்க்கையும் வாசிக்கும். அதனால் சர்வரை ரீபூட் செய்தால், மாலையிலேயே கையால் ஒரு பேக்கப் ஓட்டிவிடுகிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைப்பது ஹார்ட் டிஸ்க்கில் இழுத்தடிக்கும் குப்பை அள்ளும் வேலைக்காக. விஎம் டிஸ்க்குகளை அதிகபட்சம் 4 எம்பி துண்டுகளாக வைப்பதால் 1 டிபிக்கு இரண்டரை லட்சம் கோப்புகளுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேவையில்லாததை அழிக்கும். எஸ்எஸ்டி போடச் சொல்லித்தான் ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்களும் பரிந்துரைக்கிறார்கள். நிர்வாகத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறேன், கையெழுத்து இன்னும் வரவில்லை.