ஊர் வீட்டு டிவிஆரை வெளியூரிலிருந்து பார்ப்பது: சில ஆண்டுகளின் அனுபவம்

மயிலாடுதுறையில் என் பெற்றோர் வசிக்கும் வீட்டில் நான்கு கேமராக்களும் அவற்றின் காட்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆரும் சில ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. நான் பெங்களூருவில் இருப்பதால், வாசலில் யார் வந்தார்கள், கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும் வசதி தேவைப்பட்டது. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் இந்தக் காலத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். டிவிஆரை இணையத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது, பார்க்க விரும்பும் நாம்தான் வீட்டின் வலையமைப்புக்குள் நுழைய வேண்டும் என்பதே இன்று என் உறுதியான கருத்து.

கேமரா மாட்ட வருபவர்கள் பெரும்பாலும் அமைத்துத் தருவது க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து தயாரிப்பு நிறுவனத்தின் செயலியில் கருவியைச் சேர்க்கும் முறை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ரூட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை, அப்பாவும் அம்மாவும் சிரமமின்றிப் பயன்படுத்துவார்கள். டிவிஆர் தானே நிறுவனத்தின் சர்வருடன் எப்போதும் தொடர்பு வைத்திருக்கும். நம் செயலி அந்த சர்வர் வழியாக அதைக் கண்டுபிடிக்கும். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 2019இல் பால் மாரபீஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், பல மலிவு விலைக் கேமராக்களில் இருந்த ஐலிங்க் பி2பி என்னும் மென்பொருள் கூறில் குறைபாடுகள் இருப்பதை வெளியிட்டார். கருவிகளின் அடையாள எண்ணைக் கணித்தே அவற்றை எட்ட முடியும் என்றும், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் அந்த நிலையில் இருந்தன என்றும் அப்போது தெரியவந்தது. இன்னொரு சங்கடம் நம் ஊர்களில் அடிக்கடி நேர்வது: கருவி மாட்டியவரின் கைப்பேசிக் கணக்கிலேயே பதிவாகியிருக்கும், நமக்குப் பகிர்வு உரிமை மட்டும் வந்திருக்கும். இந்த முறையையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், மாட்டியவர் வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே, கருவியின் உரிமையாளர் கணக்கு தங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது வழி போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல். வெளியிலிருந்து குறிப்பிட்ட போர்ட்டுக்கு வரும் இணைப்பை ரூட்டர் டிவிஆருக்குத் திருப்பிவிடும். இணையத்தில் வீட்டைச் சுட்டும் எண்ணான ஐபி முகவரி மாறிக்கொண்டே இருப்பதால், அதை ஒரே பெயரோடு பிணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பலவும் இதைத்தான் சொல்கின்றன. இன்றைய ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் இது வேலையே செய்யாது. ஐபிவி4 என்னும் பழைய வகை ஐபி முகவரிகள் போதாமையால், ஒரே கதவிலக்கத்தைப் பல குடித்தனங்கள் பங்கிட்டுக்கொள்வது போல, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு நிறுவனங்கள் பகிர்ந்து தருகின்றன. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்காகவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குத் தந்த முகவரி, அந்த வரம்புக்குள் இருந்தால், எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. அந்த நிலையில் கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான ஐபி வாங்க வேண்டும்.

நிலையான ஐபி கிடைத்தாலும் போர்ட்டைத் திறக்க வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டைன் என்னும் நிறுவனம் தாக்கப்பட்டு, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. அந்தத் தாக்குதலை நடத்திய மிராய் என்னும் தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் தன் படையாக்கிக்கொண்டது. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றின் சிறு பட்டியல் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு அடுத்த சான்று: 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் என்னும் கேமரா நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில் கடவுச்சொல்லே இல்லாமல் கட்டளைகளை இயக்க வழிசெய்யும் குறைபாடு வெளியானது, நிறுவனம் திருத்தப்பட்ட ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் உள்மென்பொருளை, வெளியிட்டது. ஆனால் சுவரில் மாட்டிய டிவிஆரின் ஃபர்ம்வேரை நம் வீடுகளில் யார் புதுப்பிக்கிறார்கள்? அந்தக் கருவியால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதே நியாயமானது. ரூட்டரில் யூபிஎன்பி என்னும் வசதி இயங்கினால், டிவிஆர் தானாகவே போர்ட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கக்கூடும் என்பதால், இரண்டிலும் அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வழி விபிஎன், அதாவது வெளியிலிருக்கும் கைப்பேசியை மறையாக்கப்பட்ட பாதை வழியாக வீட்டு வலையமைப்புக்குள் சேர்ப்பது. இதைத்தான் நான் நீண்டகாலமாகப் பயன்படுத்துகிறேன். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி ஒன்றை ரூட்டரோடு இணைத்து, அதில் டெயில்ஸ்கேல் என்னும் விபிஎன் மென்பொருளை நிறுவி, வீட்டு வலையமைப்பு முழுவதற்குமான வழியாக அதை அமைத்திருக்கிறேன். டெயில்ஸ்கேல், வயர்கார்ட் என்னும் விபிஎன் நெறிமுறையின் மேல் கட்டப்பட்டது. சிஜிநாட் இருந்தாலும் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். தனிநபர் பயன்பாட்டுக்குக் கட்டணமில்லாத திட்டம் உண்டு. பெங்களூருவில் கைப்பேசியில் டெயில்ஸ்கேலை இயக்கியதும், டிவிஆரின் உள்முகவரியை அதே செயலியில் கொடுத்துப் பார்க்க முடிகிறது. நேரடி இணைப்பு அமையாதபோது போக்குவரத்து இடைநிலை சர்வர் வழியாகச் செல்வதால் காட்சி தாமதமாகும். காட்சி திடீரென்று திணறினால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். உள்நுழைவுக்கும் இணைப்பை ஏற்படுத்துவதற்கும் வெளி நிறுவனம் ஒன்றைச் சார்ந்திருக்கிறோம் என்பது உண்மை. ஆனால் காட்சிகள் இரு முனைகளுக்கிடையே மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. பொது ஐபி உள்ளவர்கள் வயர்கார்டை மட்டுமே தாங்களாக அமைத்துக்கொண்டால் அந்தச் சார்பும் இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனித்தாக வேண்டும். பெரும்பாலான ரூட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே தருவதால், ஊர் வீட்டிலும் நாம் இருக்கும் வீட்டிலும் ஒரே வரம்பு அமைந்துவிடும். அப்போது கைப்பேசி டிவிஆரை நம் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். ஊர் வீட்டு ரூட்டரின் வரம்பை வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டு, டிவிஆருக்கு நிலையான உள்முகவரி ஒதுக்க வேண்டும். அடுத்து, டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் மின்னணுச் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். தொலைவில் இருக்கும் ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் அணைத்து வைக்காவிட்டால், ஆறு மாதம் ஒழுங்காக இயங்கிய ஏற்பாடு ஒரு நாள் காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

காட்சியின் தரத்தைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து பார்க்க, குறைந்த தரத்தில் வரும் சப் ஸ்ட்ரீமே போதும். ஒவ்வொரு கேமராவின் முழுத் தரமான மெயின் ஸ்ட்ரீமும் விநாடிக்கு 4 மெகாபிட் என்றால், நான்கையும் ஒருசேரப் பார்க்க வீட்டின் அப்லோடில் 16 மெகாபிட் போய்விடும். சப் ஸ்ட்ரீமை 512 கிலோபிட்டாக வைத்தால் நான்குக்கும் சுமார் 2 மெகாபிட்டே தேவை. அதே 4 மெகாபிட் கணக்கில் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிபி எழுதும் என்பதால், நான்கு கேமராக்களுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க் ஆறு நாள்கூட வராது. என் டிவிஆர் காட்சியை அதிகம் சுருக்கும் எச்.265 முறையை ஏற்பதால் பிட் அளவைக் குறைத்து இதை நீட்டிக்க முடிந்தது. பழைய டிவிஆர்களின் வலைப்பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) உலாவியை நம்பி எழுதப்பட்டது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டதால், கணினியில் எட்ஜ் உலாவியின் ஐஇ நிலையில்தான் அது திறக்கிறது. அமைப்புகளை மாற்ற மட்டுமே அந்தப் பக்கத்துக்குப் போகிறேன். பார்ப்பதற்குச் செயலியும் விஎல்சி பிளேயரும் போதும்.

நாள்பட்ட பயன்பாட்டில் அதிகக் கவனம் கேட்பவை மின்சாரமும் கடிகாரமும்தான். மின்வெட்டின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் கணநேரத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால், இணைப்பு திரும்பச் சில நிமிடங்கள் ஆகும். வந்தவர் யார் என்று பார்க்க வேண்டிய நேரம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஃபைபர் பெட்டி, ரூட்டர், டிவிஆர், ராஸ்பெர்ரி பை ஆகிய அனைத்தையும் ஒரே யூபிஎஸ்ஸில் வைத்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது. ராஸ்பெர்ரி பையின் எஸ்டி அட்டைக்கும் இது நல்லது; திடீர் மின்தடை அதைச் சிதைத்துவிடக்கூடும். டிவிஆரின் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அதன் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பதிவு நடந்திருக்கும், ஆனால் தேடும் நாளில் இருக்காது. காவல் நிலையத்தில் ஒரு காட்சியைக் கொடுக்க நேர்ந்தால் மூலையில் அச்சான அந்த நேரம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா! ஆகவே என்டிபி வழி, அதாவது இணையத்திலிருந்து, நேரத்தைச் சரிசெய்யும் வசதியை இயக்கி, நேர வலயத்தை 5:30 என்று வைத்து, டிவிஆரின் டிஎன்எஸ் புலத்தையும் நிரப்ப வேண்டும். அது காலியாக இருந்தால் என்டிபி சர்வரின் பெயரை டிவிஆரால் கண்டறியவே முடியாது.

வீட்டில் உள்ளவர்களின் ஒப்புதலையும் நான் இந்த ஏற்பாட்டின் பகுதியாகவே கருதுகிறேன். அம்மாவின் விருப்பப்படி வீட்டுக்குள் கேமரா எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணை தெரிந்த கோணத்தை டிவிஆரின் மறைப்பு வசதியால் மூடியிருக்கிறோம். தம்பிக்கும் எனக்கும் நேரலையும் பழைய பதிவும் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனித்தனிக் கணக்குகள் உண்டு. அட்மின் கடவுச்சொல் எந்தக் கைப்பேசியிலும் சேமிக்கப்படவில்லை, அப்பாவின் பீரோவில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நேரலை தெரிகிறது என்பதால் பதிவும் நடக்கிறது என்று பொருளாகாது. ஹார்டு டிஸ்க் பழுதான டிவிஆரும் நேரலையை அழகாகவே காட்டும். அதனால் வாரந்தோறும் முந்தைய ஓர் இரவின் பதிவைத் திறந்து ஓட விட்டுப் பார்க்கிறேன்; டிவிஆர் பதிலளிக்காமல் போனால் எனக்குத் தகவல் அனுப்பும்படி ராஸ்பெர்ரி பையில் ஒரு சிறு நிரலும் ஓடுகிறது. இணைப்பே அறுந்துவிட்டால் அந்தத் தகவலும் வராது என்பதால், வீட்டு இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பெங்களூருவிலிருந்து சோதிக்கும் இன்னொரு நிரலையும் இப்போது சேர்த்திருக்கிறேன்.