"கோரையை வேரோடு எடுக்கிறோம்" என்று வருபவர்களை நம்பாதீர்கள்: எனக்கு 38,000 போய்விட்டது

இன்று மதியம்தான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். 38,000 வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த புல்தரையைக் கோரைக்காடாக்கிவிட்டு, ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் லான் வைத்திருப்பவர்கள், அதில் கோரையோ அருகம்புல்லோ ஏறி அவதிப்படுபவர்கள், தயவுசெய்து முழுதும் படியுங்கள். என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பெயர் எழுதவில்லை. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்று. குழாய் ரிப்பேர், ஏ.சி. சர்வீஸ், பெயின்டிங் என்று அடுக்கியிருப்பார்களே, அந்த வரிசையில் தோட்டப் பராமரிப்பும் இருந்தது. உள்ளே போனால் "களை ஒழிப்பு, வேரோடு, ஆறு மாத உத்தரவாதம்".

எங்கள் லான் கொரியன் புல். மெதுவாக வளரும், அடர்ந்து படரும், மிதி தாங்கும். அதில் ஓர் ஓரத்தில் கோரை தலைகாட்டியது. வெட்டிவிட்டால் புல் அப்படியே நிற்கும், கோரை மட்டும் ஓரிரு நாளில் மேலே நீட்டிக்கொண்டு வந்துவிடும். பிடுங்கினால் தழை கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வெப்பமான இடங்களில் புல்தரை வைத்திருக்கும் எவருக்கும் இந்தத் தொல்லை தெரியும். 1977-ல் ஆராய்ச்சியாளர்கள் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கோரைக்குத்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட களையை "ஒரே தடவையில்" எடுத்துவிடுவதாக விளம்பரம்.

மேற்பார்வையாளர் என்று ஒருவர் பார்க்க வந்தார். அவரை நான் எந்த இடத்தில் நம்பினேன் என்று துல்லியமாகத் தெரியும். வந்ததும் தரையில் குந்தி உட்கார்ந்தார். ஒரு கோரையைச் சுற்றி விரலாலேயே மண்ணைத் தோண்டி, கிழங்கு அறுந்துவிடாமல் பதமாக வெளியே எடுத்தார். தண்டை என் கையில் கொடுத்து உருட்டச் சொன்னார். "பாருங்க சார், மூணு பட்டையா இருக்கும். இது புல்லே கெடையாது, வேற இனம். அதனாலதான் புல்லுக்குன்னு விக்கிற மருந்து இதுகிட்ட வேலை செய்யாது." பிறகு கிழங்கிலிருந்து ஓடும் மெல்லிய நரம்பைக் காட்டினார். "இது போயி அடுத்த கிழங்குல முடியும். அதுலருந்து இன்னொண்ணு. ஒண்ண விட்டாலும் திரும்ப வந்துரும். நாங்க மொத்தமா எடுத்துருவோம் சார், கவலைய விடுங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு கிடையாது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. தெரியாதவர் செய்து கெடுத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். கிழங்கும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்று எனக்கே பாடம் எடுத்தவர், அடுத்து அனுப்பியது மண்ணை உழுது புரட்டும் பவர் டில்லரை.

களையை எடுத்துவிட்டுப் புதுப் புல் விரிப்பதும் சேர்த்துத்தான் பேச்சு. பாதி முன்பணம், மீதி வேலை தொடங்கிய அன்று. "செயலியிலயே கட்டுங்க சார், அப்பதான் உத்தரவாதம் செல்லும்" என்றார்கள். புதுப் புல் கண்ணில் படுவதற்கு முன்பே 38,000 முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வந்த ஆட்கள் முதல் வேலையாக லானை ஒட்ட வெட்டினார்கள். வெட்டின கையோடு மருந்து அடித்தார்கள். மறுநாளே டில்லரை இறக்கித் தரை முழுக்க உழுதார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, கிளைபோசேட் "மாதிரிதான்" என்றார் ஒருவர். கிளைபோசேட் என்றால் அது இலை வழியாக உள்ளே போய், கீழே வேர்வரை இறங்க வேண்டிய மருந்து. இலையையே வழித்துவிட்டு அடித்தால் எதன் வழியாக இறங்கும்? கோரை மாதிரி கிழங்குள்ள களைக்கு அடித்தால், அடித்த பிறகு ஒரு வாரமாவது மண்ணைத் தொடக் கூடாது. அந்த ஒரு வாரம்கூட இவர்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த மருந்துக்கு நல்ல புல், களை என்ற பேதமும் கிடையாது. ஆக, மிச்சம் இருந்த கொரியன் புல் செத்தது. கிழங்கு பிழைத்துக்கொண்டது.

உழுததுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மண்ணுக்குள் கோரைக் கிழங்குகள் நூலில் கோத்த மணிகளைப் போலத் தொடர்ச்சியாக இருக்கும். சரத்தின் நுனிக் கிழங்கு முளைத்துவிட்டால் பின்னால் இருப்பவை பெரும்பாலும் உறங்கிக்கிடக்கும். நரம்பை அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். கிழங்குகளில் பெரும்பங்கு மேல்மண்ணில் 15 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கும். டில்லரின் கத்தி புரட்டுகிற ஆழமும் ஏறக்குறைய அதேதான். கடும் வெயிலில் திரும்பத் திரும்ப உழுது, சொட்டுத் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டால் கிழங்குகள் வற்றிச் சாகும், அது உண்மை. இவர்களோ ஒரே ஒருமுறை உழுதுவிட்டு அன்றைக்கே தண்ணீர் பாய்ச்சினார்கள். ஓர் ஓரத்தில் இருந்த கோரையைத் தோட்டம் முழுக்க நட்டுக் கொடுக்க நான் 38,000 கொடுத்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு லோடு மண் கொட்டி, ஓரங்களில் பாலித்தீன் விரித்து, "இனி ஒண்ணும் வராது" என்றார்கள். கோரை முளையின் நுனி கூர்மையானது, பாலித்தீனைக் குத்திக்கொண்டு வெளியே வரும். வந்தது. சுருட்டிக் கொண்டுவந்து விரித்த புல் பாய்களில் அருகம்புல் பின்னிக்கிடந்ததும் பிறகுதான் தெரிந்தது. அருகு மேலே கொடி ஓடும், அடியிலும் ஓடும், ஒரு கணு மிஞ்சினால் போதும். கொரியன் புல்லுக்குள் அது நுழைந்துவிட்டால் இரண்டுமே புல் என்பதால் ஒன்றைத் தாக்கும் மருந்து பெரும்பாலும் மற்றதையும் வாட்டிவிடும். இருந்த தொல்லை போதாதென்று, இல்லாத தொல்லையையும் காசு வாங்கிக்கொண்டு கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

புதுப் புல் வேர் பிடிப்பதற்குள் கோரை வரிசைகட்டிவிட்டது. போன் செய்தேன். "புல்லு செட் ஆகட்டும் சார், கொஞ்சம் பொறுங்க" என்றார் மேற்பார்வையாளர். அடுத்து, "மழை பெஞ்சதால சார்". அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. செயலியின் உதவிப் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள், முதலிலிருந்து கதை. படம் கேட்டார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லையாம். வீடியோ அனுப்பினேன். "சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்." அந்தக் குழுவில் இருப்பவர் யார், எப்போது பேசுவார், யாருக்கும் தெரியாது. ஒருவர் மட்டும் வாயைத் திறந்து சொன்னார், வேலை செய்தவர்கள் அவர்களுடைய ஊழியர்கள் இல்லையாம், "பார்ட்னர்"களாம், செயலி இணைத்து மட்டும்தான் வைக்குமாம். 38,000 உங்கள் கணக்குக்குத்தானே வந்தது என்று கேட்டேன். "புரியுது சார்" என்றார். எதைக் கேட்டாலும் "புரியுது சார்".

உத்தரவாதத்தைக் காட்டினேன். அது "ஏற்கெனவே இருந்த களைகளுக்கு" மட்டும்தானாம், "புதிதாக முளைத்தவற்றுக்கு"ப் பொருந்தாதாம். அவர்கள் அறுத்துப் போட்ட அதே கிழங்கிலிருந்து முளைத்தது எப்படிப் புதிதாகும்? பதில் இல்லை. வேண்டுமானால் பாதித் தொகை கட்டினால் மறுபடி ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பணத்தைவிட எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. எங்கள் குழந்தை தவழுகிற தரை அது. என்ன மருந்து, எவ்வளவு அடித்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "கம்பெனி கலவை சார், வெளிய சொல்லக் கூடாது." லேபிள் இல்லாத கேனில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவருடைய வீட்டு மண்ணில் அடிக்கிற விஷத்தின் பெயரை அவருக்கே சொல்ல மாட்டேன் என்பது என்ன தொழில்? இன்றுவரை குழந்தையை அங்கே இறக்கவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது முடியவில்லை. ஜன்னல் வழியாக அந்தத் தரையைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. அவசரத்துக்கு இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோரை இருக்கிற தரையில் டில்லரை இறக்க விடாதீர்கள். லேபிள் ஒட்டிய டப்பாவைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சொட்டு அடிக்க விடாதீர்கள், லேபிளைப் படம் பிடித்து வையுங்கள். புல்லுக்கு நடுவில் இருக்கும் கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் வகை மருந்து உண்டு, ஆனால் அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், ஒரு தடவையில் முடியாது, உங்கள் புல்லுக்கு அடிக்கலாமா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்டிமெத்தலின் என்ற களை மருந்து விதை முளைப்பதைத்தான் தடுக்கும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, அதைக் காட்டி "வேரோடு போகும்" என்றால் பொய். நாலைந்து இடத்தில் மட்டும் தெரிந்தால் இளசாக இருக்கும்போதே கிழங்கோடு தோண்டி எடுங்கள், திரும்பத் திரும்ப. புல் பாயை விரிப்பதற்கு முன் திருப்பிப் போட்டு அருகம்கொடி இருக்கிறதா பாருங்கள். லோடு மண்ணிலிருந்து ஒரு தொட்டி நிரப்பித் தண்ணீர் விட்டு, என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகே கொட்ட விடுங்கள். மீதிப் பணத்தை உத்தரவாதக் காலம் முடியும்வரை கையிலேயே வையுங்கள், ஒத்துக்கொள்ளாதவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ரசீது, படங்கள், அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு பதிலும் பத்திரமாக இருக்கின்றன. நுகர்வோர் புகார் எழுதத் தொடங்கிவிட்டேன்.