நான் ‘ஒன்பது மணி நேரம்’ விளையாடிய கேம்: பணம் கட்டும் முன் உங்கள் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள்

‘பிளே’ பட்டனை அழுத்தினேன். கர்சர் ஒரு சுற்றுச் சுற்றியது. கறுப்பாக ஒரு ஜன்னல் கண்சிமிட்டும் நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அவ்வளவுதான். பிழைச் செய்தி இல்லை, ‘மன்னிக்கவும்’ இல்லை, ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே எட்டிப் பார்ப்பு.

கேமின் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்த ஒரு கேமைப் பற்றியதாகிவிடும். உங்களிடம் நான் சொல்ல நினைப்பது அடுத்து நீங்கள் வாங்கப் போகும் கேமைப் பற்றி.

பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை நான். கடைப் பக்கத்தில் ‘குறைந்தபட்சத் தேவை’ என்ற கட்டத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். 64-பிட் பிராசசர், நான்கு கோர், 3 கிகாஹெர்ட்ஸ். ரேம் 8 ஜிபி. கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி. இடம் 90 ஜிபி. என் கணினியில் இருப்பது கோர் ஐ7-3770: நான்கு கோர், 3.4 கிகாஹெர்ட்ஸ். ரேம் 16 ஜிபி. கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி. கேமைப் போட்டதும் எஸ்எஸ்டியில்தான். எந்த வரியை எடுத்தாலும் கேட்டதைவிட என்னிடம் குறைவாக எதுவும் இல்லை.

‘2012-ஆம் வருஷத்துப் பிராசசரை வைத்துக்கொண்டு புலம்புகிறாயே’ என்று யாராவது கேட்பீர்கள். சரி, கிழம்தான். கிழத்தில் ஓடாது என்று சொல்லிவிட்டால் நான் பையை மூடிக்கொண்டு போய்விடுவேன். என் சண்டை அது இல்லை. ஓடும் என்று எழுதிப் பணம் வாங்கிக்கொண்டு, பிறகு வாயே திறக்காமல் கதவைச் சாத்தினார்களே, அதுதான்.

அன்று மாலை முழுக்க என்ன செய்தேன் என்பதை இந்த அனுபவம் உள்ளவர்கள் மனப்பாடமாகவே சொல்வீர்கள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். ‘கோப்புகளைச் சரிபார்’ கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. ஆன்டிவைரஸை நிறுத்தினேன். விஷுவல் சி++ தொகுப்புகளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அட்மினாக ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் மொத்தத்தையும் நீக்கிவிட்டு 90 ஜிபியை மறுபடி இறக்கினேன். அது முடியும்போது நடு இரவு தாண்டிவிட்டது.

இந்த முறை ஒரு மாற்றம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பெட்டி வந்து, கேம் எதிர்பாராமல் நின்றுவிட்டது, அறிக்கை அனுப்பலாமா என்று கேட்டது. தாராளமாக அனுப்பு என்று அழுத்தினேன். கீழே பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. கண் எரிந்தது. அது பாட்டுக்கு அனுப்பட்டும் என்று மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தேன்.

நான் ஏமாந்த இடம் இதுதான், கவனியுங்கள். காலையில் பார்த்தால் பச்சைக் கோடு பாதியில் நிற்கிறது, பெட்டி அப்படியே திறந்திருக்கிறது, கடையின் செயலியில் அந்தக் கேமின் பெயருக்குக் கீழே ‘விளையாடிய நேரம்: 9 மணி 14 நிமிடம்’ என்று இருக்கிறது. அந்தப் பெட்டி கேமின் ஒரு பகுதி. பெட்டி திறந்திருக்கும் வரை கேம் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கடைக்குக் கணக்கு. நான் குறட்டை விட்ட நேரமெல்லாம் விளையாடிய நேரமாக ஏறிவிட்டது.

பணம் திரும்பப் பெறும் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டீம், எபிக் என்ற ஆன்லைன் கேம் கடைகளில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பொதுவாகத் திருப்பித் தருவார்கள். ஜிஓஜி என்ற கடையில் 30 நாள். நான் வாங்கிய இடத்திலும் மணிக்கணக்கு உண்டு. விண்ணப்பம் போட்டேன். உடனே வந்த பதிலைப் பார்த்தால் மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை: விளையாடிய நேரம் வரம்பைத் தாண்டிவிட்டதால் தர இயலாது.

காரணத்தை நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒன்று இருக்கிறது. கணினியில் எது செத்தாலும் அங்கே ஒரு குறிப்பு விழும். அதில் என் கேமுக்கு எதிரே சி000001டி என்று முடியும் எண் இருந்தது. ‘இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது’ என்று பிராசசர் கைவிரித்தால் வரும் எண் அது. அதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. டிரைவரும் இல்லை, கோப்பும் இல்லை. என் பிராசசருக்குத் தெரியாத ஒரு மொழியில் கேம் பேசியிருக்கிறது.

அந்த மொழிக்குப் பெயர் ஏவிஎக்ஸ்2. ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடும் வசதி. 32-பிட் எண் என்றால் ஒரே வீச்சில் எட்டு. முதலில் வந்தது ஏவிஎக்ஸ். இன்டெலிலும் ஏஎம்டியிலும் 2011 முதல் உண்டு. அதன் அடுத்த படியான ஏவிஎக்ஸ்2 இன்டெலில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் வரிசையில் சேர்ந்தது. என் 3770 அதற்கு ஒரு தலைமுறை முன்னால் நின்றுவிட்டது. ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனை என்று எவ்வளவு கூட்டிக் காட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது. அது வேகக் குறைவு இல்லை. அந்தக் கட்டளையே அங்கே இல்லை.

பழைய கணினிக்காரர்கள் மட்டும் பயப்பட வேண்டிய விஷயம் என்று நினைத்து இதைத் தாண்டிப் போக வேண்டாம். இன்டெல் 2020-இல் விற்பனைக்கு விட்ட பென்டியம் கோல்டு ஜி6400-இல் ஏவிஎக்ஸ்2 இல்லை, ஏவிஎக்ஸே கூட இல்லை. என்னுடையதைவிட எட்டு வருஷம் இளையது, 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதில் கோர் இரண்டுதான் என்பது வேறு கதை. புதிதாக வாங்கியதுதானே, எல்லாம் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேரோ. தேவைப் பட்டியலில் ‘இன்ன பிராசசர் அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு வாசகம் வருமே, எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எதில் இணை? வேகத்திலா, கோரிலா, கட்டளையிலா?

கேம் செய்பவர்கள் பக்கம் இதற்கு எவ்வளவு வேலை என்றும் சொல்லிவிடுகிறேன். நிரலை இறுதி வடிவமாக்கும்போது ஏவிஎக்ஸ்2 என்று ஒரு சுவிட்சைப் போட்டால், நிரலைப் பிராசசரின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்தக் கட்டளைகளை ஆங்காங்கே தூவிவிடும். புதுப் பிராசசர்களில் வேகம் கிடைக்கும், தப்பே இல்லை. ஆனால் கேம் தொடங்கும் முதல் நொடியில் ‘உன்னிடம் இது இருக்கிறதா’ என்று பிராசசரைக் கேட்கவும் வழி இருக்கிறது. இல்லை என்றால் ‘உங்கள் பிராசசரில் ஏவிஎக்ஸ்2 இல்லை’ என்று ஒரு பெட்டி காட்டலாம். சில வரி நிரல், அவ்வளவுதான். அதைச் செய்திருந்தால் நான் ஐந்தே நிமிடத்தில் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு தூங்கப் போயிருப்பேன்.

நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதினேன். முதல் பதில்: டிரைவரைப் புதுப்பியுங்கள். புதுப்பித்துவிட்டேன், பிழை எண் இது, காரணம் இது என்று விளக்கி எழுதினேன். இரண்டாவது பதில்: டிரைவரைப் புதுப்பித்தீர்களா? மூன்றாவது பதில்தான் மனிதர் எழுதியது. ‘உங்கள் பிராசசர் கேமுக்குத் தேவையான ஒரு தொழில்நுட்பத்தை ஆதரிக்கவில்லை.’ அது உங்கள் பக்கத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரே ஒரு வரி கேட்டேன். உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்க்கிறோம் என்றார்கள்.

கருத்து உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது போலிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டத்தின் அடியில் ‘ஏவிஎக்ஸ்2 ஆதரவு அவசியம்’ என்று புதிதாக ஒரு வரி. தேதி இல்லை, அறிவிப்பு இல்லை. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தேன் என்ற முகபாவத்தோடு உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிப் பணத்தை மறுபடி கேட்டால், அந்த வரியைக் காட்டி என்னிடமே திருப்பினார்கள்: தேவைகள் பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ளனவே! வாங்கிய அன்று அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் நான் வாயடைத்து நின்றிருக்க மாட்டேன். நீங்களாவது எடுத்து வையுங்கள்.

இது புது வியாதி இல்லை. 2007-இல் பயோஷாக் வந்தபோது பிக்சல் ஷேடர் 3.0 என்ற வரைகலை வசதி இல்லாத கார்டுகளில் அது ஓடவில்லை. அதற்குச் சில வருஷம் முன்பு மேல்தட்டுக் கார்டாக வாங்கிய ரேடியான் எக்ஸ்850 வைத்திருந்தவர்களும் அதில் மாட்டினார்கள். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது ஏஎம்டி ஃபீனம் பிராசசர்களில் திறக்கவே இல்லை, அவற்றில் எஸ்எஸ்இ4.1 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. அதைச் செய்தவர்கள் பிறகு ஒரு அப்டேட்டில் சரி செய்தார்கள், அந்த மட்டுக்கும் நல்லவர்கள். 2023-இல் ஆலன் வேக் 2 வந்தபோது, 11 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டு தடுமாறியது. அதில் மெஷ் ஷேடர் என்ற புதிய வரைகலை வசதி இல்லை. 4 ஜிபி மட்டுமே உள்ள ஜிடிஎக்ஸ் 1650-இல் அது உண்டு. ஜிபியைப் பார்த்துக் கார்டை எடைபோடுவது கதை முடியும் பக்கத்தை எண்ணிப் புத்தகம் வாங்குவது மாதிரி.

வெளிப்படையாகச் சொல்கிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஸ்டார்ஃபீல்டு எஸ்எஸ்டி கட்டாயம் என்று பட்டியலிலேயே எழுதியது. 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடாது என்று முன்கூட்டியே சொன்னது. என் 1660-க்கு அது கிடையாது என்று தெரிந்துகொண்டேன், வாங்கவில்லை, கதை முடிந்தது.

நண்பர் ஒருவருக்கு வேறு விதமாக அடி. ஆன்லைன் கேம்களில் இப்போது ஏமாற்றுத் தடுப்புக்காக செக்யூர் பூட் கேட்கிறார்கள், கணினி எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் உள்ளே விடும் காவல் அது. 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-க்கும் அது கட்டாயம். அவர் கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பான பயாஸுக்குள் போய்த் துணிச்சலாக மாற்றிவிட்டார். அவருடைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்ததால் அதற்கப்புறம் விண்டோஸே எழவில்லை. முதலில் டிஸ்கை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது. முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள். பயாஸில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

உங்கள் பிராசசருக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்க சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். முதல் பக்கத்தில் ‘இன்ஸ்டிரக்‌ஷன்ஸ்’ என்ற வரி இருக்கும். அதில் ஏவிஎக்ஸ்2 (AVX2) இருக்கிறதா என்று தேடுங்கள். கார்டுக்கு, விண்டோஸ் தேடலில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று அடித்து, ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ பாருங்கள். 12_2 இருந்தால் ரே டிரேசிங்கும் மெஷ் ஷேடரும் அதில் அடக்கம். என்னுடையது 12_1-இல் நிற்கிறது. கடைப் பக்கத்தில் மதிப்புரைகளைப் புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, ‘திறக்கவில்லை’ என்பவர்கள் என்ன பிராசசர் வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு நோட்டம் விடுங்கள். தள்ளுபடியில் வாங்கி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டு வைக்காதீர்கள். 14 நாள் எப்படிப் போகும் என்றே தெரியாது. வாங்கிய அன்றே ஒரு தடவை திறந்து பாருங்கள். அது செத்து விழுந்தால், அறிக்கைப் பெட்டியை உடனே மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் கேம் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அதையும் மூடிவிட்டு, பிறகு ஆராய்ச்சியைத் தொடங்குங்கள்.

ஆராய்ச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. இன்டெலே தரும் ஒரு எமுலேட்டர் இருக்கிறது, இல்லாத கட்டளைகளை இருப்பதுபோல் நடித்துக் காட்டும் என்று ஒருவர் சொல்ல, பணம் போனபின் அதையும் முயன்றேன். திறந்தது! நிறுவனத்தின் சின்னம் திரையில் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன். சின்னம் இன்னும் போகவில்லை. மெனு வரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூடிவிட்டேன்.

நேற்று கடையிலிருந்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. ‘நீங்கள் இந்தக் கேமை 10 மணி நேரம் விளையாடியிருக்கிறீர்கள். நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?’